கடல் கடந்த தொழிற்கல்வியும் குடியானவர் கைப்பொருளும்

தாராபுரம் தாலுகாவின் தோட்டக்கால்களில் கவலை ஏற்றம் ஓய்ந்து வெகு காலமாயிற்று. எருதுகள் சரிவில் இறங்கி வடம் இழுக்க, சாலில் ஏறிய நீர் தும்பியின் வழியே வாய்க்காலில் விழுந்த அந்நாட்களில், வடம் அறுந்தாலும் தும்பி கிழிந்தாலும் அதைச் சரிப்படுத்தும் ஆள் அதே கிராமத்தில் இருந்தார். தச்சரும் கொல்லரும் தோல் வேலை செய்வோரும் அறுப்புக் காலத்தில் களத்தில் தானியம் பெற்றுக்கொண்டு, அன்றைய பழுதை அன்றே நீக்கிக் கொடுத்தனர். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியபின் நிலைமை மாறலாயிற்று. 1937இல் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் கோயமுத்தூரிலேயே ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் வெளிவந்தது. அதன்பின் கிணற்று மேட்டில் எருதுக்கு வேலை குறைந்தது. கிராமத்துத் தச்சருக்கும் கொல்லருக்கும் அங்கே வேலை குறைந்தது.

இன்று அத்தாலுகாவில் காணப்படும் யந்திரங்கள் ஒன்றா, இரண்டா? பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பிடிக்கும் காற்றாலைகள், சூரிய ஒளித்தட்டுகளில் ஓடும் பம்புகள், சொட்டு நீர்ப் பாசனக் குழாய்கள், அமராவதிப் பாசனத்தில் நெல் அறுக்கும் பெரிய யந்திரங்கள், மூலனூர்ப் பக்கத்துப் பருத்தியை வாங்கி அரைக்கும் ஜின்னிங் ஆலைகள், காங்கயத்து அரிசி ஆலைகள், சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே திருப்பூரில் பின்னலும் சாயமும் செய்யும் எண்ணிறந்த பட்டறைகள். இவற்றுள் பல, ஜெர்மனியிலோ ஜப்பானிலோ தைவானிலோ டென்மார்க்கிலோ வகுக்கப்பட்ட அமைப்பை உடையவை. யந்திரம் வந்த வேகத்தில் அதன் சூட்சுமம் அறிந்த ஆள் வரவில்லை என்பதை அறுவடைக் காலத்தில் யந்திரம் நின்றுபோய், வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை கதிரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எந்தக் குடியானவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறையின் விலை பழுதுபார்க்கும் கூலியோடு முடிவதன்று. நொய்யலாற்றின் கதையே இதற்குச் சாட்சி. சாயக் கழிவைச் சுத்தி செய்யும் வித்தையைத் தொழில் வளர்ந்த அளவுக்குக் கற்றவர் இல்லாமற் போனமையாலும், கற்றவர் சொன்னதைக் கேட்பார் இல்லாமற் போனமையாலும், ஒரத்துப்பாளையம் அணைநீர் பயிருக்கு ஆகாததாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்ட பிறகே, கழிவு ஒரு துளியும் வெளியேறாத முறையைக் கற்று நிறுவுவதில் முழு முனைப்பு ஏற்பட்டது. அந்த வித்தையை முன்னதாகவே ஒரு சிலர் வெளிநாடு சென்று கற்று வந்திருப்பின், அதற்கான செலவு நொய்யற் கரைக் குடியானவர்கள் இழந்ததில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுப் பார்ப்பது வீண் வேலையாகாது.

ஆகவே, கைத்தொழில் அறிந்த வாலிபர் கடல் கடந்து சென்று கற்பதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதை யார் பெறுகிறார்கள், பெறாதவர் என்ன செய்கிறார்கள் என்ற விஷயம் நெசவாலை முதலாளிகளை மட்டும் சேர்ந்ததன்று. நிலம் உடையோர்க்கும், சான்று எழுதித் தரும் கிராம அதிகாரிகளுக்கும் அதில் நேரான சம்பந்தம் உண்டு.

பழைய ஏற்பாடுகள்

இத்தகைய உதவிக்கு இந்நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. 1892இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா தமது சொந்தப் பொருளைக் கொண்டு ஒரு நிதியை ஏற்படுத்தி, உயர்கல்விக்காக வெளிநாடு செல்வோருக்குக் கடனாகப் பணம் கொடுக்கச் செய்தார். தானமாகக் கொடுக்காமல் கடனாகக் கொடுத்ததில் ஒரு யுக்தி இருந்தது. முதலில் போனவர் சம்பாதித்துத் திருப்பும் பணம் அடுத்தவருக்கு வழிச்செலவாகும். கேணியில் இறைக்க இறைக்க ஊறுவது போன்ற ஏற்பாடு அது. இன்றளவும் நடந்து வருகிறது.

சர்க்கார் இதில் இறங்கியது 1904இல். கர்சன் பிரபு காலத்தில் இந்திய சர்க்கார் தொழில்நுட்பக் கல்விக்கென உபகாரச் சம்பளங்களை ஏற்படுத்தி, தெரிந்தெடுக்கப்பட்டவர்களை வருஷத்துக்கு 150 பவுன் வீதம் கொடுத்துச் சீமைக்கு அனுப்பியது. சுரங்கம், தோல் பதனிடல், நெசவு முதலிய தொழில்கள் இதில் சேர்ந்திருந்தன. நெசவு கற்கச் சென்றவர்கள் மான்செஸ்டருக்குப் போயினர். அங்கேதான் சிக்கல் நேர்ந்தது. கல்லூரியின் கதவு திறந்திருந்தது. ஆலையின் கதவு திறக்கவில்லை. நாளைக்குத் தம் சரக்கோடு போட்டியிடப் போகிற தேசத்து வாலிபருக்குத் தொழில் ரகசியத்தைக் காட்டிக் கொடுக்க ஆலை முதலாளிகள் மனம் ஒப்பவில்லை. புத்தகத்தில் படித்ததோடு திரும்பியவருக்கு இந்தியாவிலும் உடனே வேலை கிடைக்கவில்லை. கையால் வேலை செய்த அனுபவம் இல்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இக்குறைகளை விசாரிக்கவே சர் தியோடர் மாரிஸன் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. பயிர்த்தொழில் அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஏர் பிடித்து அறியாதவன் உழவைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறலாம். சால் நேராக வராது.

இவ்வாறு மேற்படிப்புக்கான உதவியெல்லாம் பெரும்பாலும் பட்டம் பெற்றவருக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலத்தில், பட்டறையில் எண்ணெய் படிந்த கையோடு நின்றவனைக் கப்பலேற்றி அனுப்பிய ஏற்பாடு ஒன்று உண்டு. அது இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே வந்தது. அக்காலத்தில் பிரிட்டனின் தொழிலாளர் மந்திரியாக இருந்தவர் எர்னஸ்ட் பெவின். அவர் கல்லூரி வாசல் மிதித்தவர் அல்லர். பதினோரு வயதளவில் பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குப் போய், பிறகு பிரிஸ்டல் நகரில் வண்டியோட்டி, தொழிலாளர் சங்கத்தை வளர்த்து மந்திரியானவர். இந்தியாவில் யுத்த தளவாடம் செய்யும் ஆலைகளுக்குத் தேர்ந்த தொழிலாளர் போதாமையைக் கண்டு, இந்தியப் பட்டறைகளில் வேலை செய்யும் வாலிபரைப் பொறுக்கி இங்கிலாந்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்ற யோசனை அவரால் வந்தது. 1941இல் முதற் கூட்டமாக 50 பேர் போய்ச் சேர்ந்தனர். லெட்ச்வொர்த் என்ற ஊரிலிருந்த சர்க்கார் பயிற்சிச் சாலையில் கடைசல், துளையிடல், அளவு பார்த்தல் முதலிய வேலைகளைப் பயின்றபின், அவர்கள் ஆலைகளுக்கு அனுப்பப்பட்டு, ஆங்கிலத் தொழிலாளரோடு ஒரே மேஜையில் நின்று வேலை செய்தனர். மான்செஸ்டர் மாணவருக்குத் திறவாத ஆலைக்கதவு இவர்களுக்குத் திறந்தது. யுத்தத் தேவை அப்படியிருந்தது. தொழிற்சங்கங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதும் அவர்களுக்குக் காட்டப்பட்டது. சில மாதங்களில் அவர்கள் திரும்ப, அடுத்த கூட்டம் புறப்பட்டது. இவ்வாறு பல நூறு பேர் போய் வந்தனர்.

இந்த ஏற்பாட்டில் மெச்சத்தக்கது யாதெனில், புறப்படும் முன்பே தொழில் அறிந்தவனைத் தெரிந்தெடுத்தார்கள். குறுகிய காலத்தில் குறித்த வேலையைக் கற்பித்தார்கள். திரும்பியவனுக்கு ஆலையில் இடம் காத்திருந்தது. குறை சொல்ல வேண்டுமானால், யுத்தத்தின் அவசரம் இல்லாமற் போனபின் அதே அளவில் அம்முறையைத் தொடர எவரும் சிரத்தை கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1945 முதல் மத்திய சர்க்கார் சில நூறு மாணவர்களை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிற்று. நாடு விடுதலை பெறும் தறுவாயில் விஞ்ஞானிகளும் இஞ்சினீயர்களும் தேவைப்படுவார்கள் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் அவர்கள் திரும்பிவந்தபோது இன்னாருக்கு இன்ன இடம் என்ற ஏற்பாடு முன்கூட்டிச் செய்யப்படாமையால், சீமைப் பட்டத்தோடு வேலை தேடி அலைந்தவர்கள் பலர். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, வயலுக்கு இன்னும் தண்ணீர் கட்டாத நிலை அது.

கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியிலிருந்து சென்றவர்களின் அனுபவம் இதற்கு எதிரிடையானது. அங்கே 1947இல் தேறிய எம். எஸ். சுவாமிநாதன், 1949இல் யுனெஸ்கோ உதவித்தொகை பெற்று நெதர்லாந்தின் வாகனிங்கன் விவசாயப் பல்கலைக்கழகத்தில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி செய்தார். பிறகு கேம்பிரிட்ஜில் 1952இல் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் சில காலம் இருந்து, 1954இல் திரும்பினார். கட்டக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் ஒட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையத்தின் முதல் இயக்குநர் கே. ராமையா, அவரும் சென்னை மாகாண விவசாய இலாகாவில் பணிபுரிந்து கேம்பிரிட்ஜ் சென்று கற்றவரே. அந்த ஒட்டு வேலையின் பலனாகவே, கோயமுத்தூரின் ஜி.இ.பி. 24 நெல்லும் ஜப்பானின் நோரின் 10 நெல்லும் கலந்த ஆடுதுறை 27 ரகம் 1960களின் நடுவில் தஞ்சைக் குடியானவர் கைக்கு வந்தது. சென்றவருக்கு உதவித்தொகை கொடுத்தது உலக ஸ்தாபனம்; திரும்பியவருக்கு ஆராய்ச்சி வயலைத் தயாராக வைத்திருந்தது இந்நாடு.

இப்போது உள்ள வழிகள்

தற்காலத்தில் உள்ள உதவிகளில் முதலில் குறிப்பிட வேண்டியது, 1954–55 முதல் நடந்துவரும் தேசிய வெளிநாட்டு உபகாரச் சம்பளத் திட்டம். இது பட்டியல் ஜாதியினருக்கு உரியது என்று மட்டுமே பலரும் எண்ணியிருக்கின்றனர். சீர்மரபினர், நாடோடி, அரை நாடோடி வகுப்பினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைத்தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. மொத்தம் 125 இடங்களில் 115 பட்டியல் ஜாதியினருக்கும், 6 சீர்மரபினர் முதலியோருக்கும், 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைத்தொழிலாளர் ஆகியோருக்குமாக ஒதுக்கப்பட்டுள்ளன. நூற்றுக்கு முப்பது பங்கு பெண்களுக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரூ. 8 லட்சத்துக்கு மேற்படாமலும், வயது 35க்கு உட்பட்டும், தகுதிப் பரீட்சையில் 60 சதவீதம் பெற்றும் இருக்க வேண்டும். உலகத் தர வரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும். கல்விக் கட்டணமும் விமானச் செலவும் போக, ஜீவனத்துக்கு வருஷத்துக்கு அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் 15,400 டாலர், இங்கிலாந்தில் 9,900 பவுன் என வகுத்திருக்கிறார்கள்.

தேசம் முழுமைக்கும் நான்கே இடங்கள்தானா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இருப்பினும் அந்த நான்குக்கும் விண்ணப்பிக்கத் தகுந்தவர், தோட்டத்தில் களையெடுக்க வருகிறவரின் மகனாகவோ, தறி நெய்கிறவரின் மகளாகவோ இருக்கக்கூடும். அவர்கள் வீட்டுக்கு இத்தகைய செய்தி தானாகப் போய்ச் சேர்வதில்லை. நிலம் உடையவர் ஒரு வார்த்தை சொன்னால் போய்ச் சேரும்.

இத்திட்டத்தில் இருவகைக் குறை உண்டு. முதலாவது, இது முதுகலைக்கும் டாக்டர் பட்டத்துக்கும் மட்டுமே உரியது; ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா தேறிப் பட்டறையில் வேலை செய்கிற வாலிபருக்கு இதனால் யாதொரு பயனும் இல்லை. 1904இல் கண்ட கோணல் இன்றும் நிமிரவில்லை. இரண்டாவது, அறிவிப்பு வேறு, பணம் வேறு. 2025இல் 106 பேர் தெரிந்தெடுக்கப்பட்டும், முதலில் 40 பேருக்கே ஆணை வழங்கப்பட்டு, மற்றவருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே கொடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சிறுபான்மை வகுப்பு மாணவரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டியைச் சர்க்கார் ஏற்றுவந்த திட்டமும் 2022–23 முதல் நிறுத்தப்பட்டது. ஆதலால் எந்த உதவியையும் கைக்கு வந்தபின்னரே வந்ததாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விவசாயப் பட்டதாரிகளுக்கு, இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸில் நேதாஜி சுபாஷ் பெயரில் வழங்கும் சர்வதேச ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று உண்டு. தமிழ்நாடு சர்க்காரும் ஆதி திராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரால் அயலக உயர்கல்வி உதவி ஏற்படுத்தியிருக்கிறது. குடியானவர்களையே நேரில் அனுப்பும் முயற்சியாக, 2025–26ஆம் வருஷத்து விவசாய பட்ஜெட்டில், முன்னோடி நெல் விவசாயிகள் 100 பேரை ஜப்பான், சீனா, வியத்நாம் நாடுகளுக்கு அழைத்துச் செல்ல ரூ. 2 கோடி ஒதுக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. சில நாள் பார்த்து வருவதைப் படிப்பு என்று சொல்ல முடியாதாயினும், பிறர் நாற்று நடும் இடைவெளியைக் கண்ணால் கண்டவர் திரும்பிவந்து சும்மா இருப்பதில்லை. கடல் கடக்க இயலாதவர், ஒட்டன்சத்திரம் வழியே ரெட்டியார்சத்திரம் வரை போய், இஸ்ரேல் கூட்டுறவோடு ஏற்படுத்தப்பட்ட காய்கறி மகத்துவ மையத்தில் அந்நாட்டு முறைகளைப் பார்த்து வரலாம். பஸ் செலவோடு முடிகிற சீமைக் கல்வி அது.

டிப்ளமா வாலிபருக்கு வழி

பட்டறை வாலிபருக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளம் இல்லை என்றதனால் வழியே இல்லை என்பதில்லை. ஜெர்மனியில் நெடுநாளாக இரட்டைப் பயிற்சி முறை என்று ஒன்று நடந்து வருகிறது. வாரத்தில் சில நாள் ஆலையிலும் சில நாள் பள்ளியிலும் கற்க வேண்டும். இரண்டு முதல் மூன்றரை வருஷ காலம். யந்திரம், மின்சாரம், ஆலைப் பராமரிப்பு, உணவுத் தொழில் மட்டுமன்றிப் பயிர்த்தொழிலும் இம்முறையில் கற்பிக்கப்படுகிறது. கற்பவனுக்கு ஆலை முதலாளியே மாதச் சம்பளம் கொடுக்கக் கடமைப்பட்டவர். 2025இல் பயிற்சி தொடங்குகிறவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சம் முதல் வருஷத்தில் மாதம் 682 யூரோ. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சில ஊர்களில் இது போதாது. குறையும் தொகைக்கு ஆதாரம் காட்டினாலன்றி விசா கிடைப்பது அரிது. பணத்தைவிடப் பெரிய தடை பாஷை. ஜெர்மன் பாஷையில் பி1 என்ற நிலையை எட்டியிருக்க வேண்டும். சிரத்தையோடு படிப்பவருக்கும் ஏறத்தாழ ஒரு வருஷ உழைப்பு. பயிற்சி தரும் ஆலையோடு ஒப்பந்தம் கையில் வந்த பிறகே பயணம்.

அந்நாட்டுச் சர்க்கார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதும் பலருக்குத் தெரிந்ததே. ஆயினும் பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பியரல்லாதார் அரை வருஷத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். நெசவுக் கல்விக்குப் பேர்பெற்ற ராய்ட்லிங்கன் அம்மாநிலத்தில்தான் இருக்கிறது. அன்றியும் ஒரு வருஷ ஜீவனத்துக்குரிய பணத்தை முடக்குக் கணக்கில் முன்கூட்டிக் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. கட்டணமில்லாக் கல்வி என்ற விளம்பரத்தை மட்டும் படித்துவிட்டுப் புறப்பட எண்ணுகிறவர் இத்தொகையை ரூபாயாக்கிப் பார்த்துக்கொள்வது நலம்.

ஜப்பானோடு 2017 அக்டோபரில் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தப்படி தொழிற்பயிற்சியாளர் அங்கே போய் வருகின்றனர். விவசாயம், ஆடைத் தொழில், யந்திர வேலை முதலியன இதில் அடங்கும். பயிற்சி என்ற பெயரில் வேலை வாங்கப்படுகிறது என்ற புகார்கள் அந்நாட்டிலேயே எழுந்தமையால், இம்முறையை நீக்கி, 2027 முதல் வேறொரு முறையை நடத்துவதற்கு 2024இல் சட்டம் இயற்றினார்கள். போக விரும்புகிறவர் எந்த முறையின் கீழ் எழுதப்பட்ட ஒப்பந்தம் என்று கேட்டறிய வேண்டும்.

தரகர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜெண்டு மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்ச வரம்பு ரூ. 30,000மும் அதற்குரிய வரியும். லட்சக்கணக்கில் கேட்பவர் ரசீது கொடுப்பதில்லை என்பதிலிருந்தே அவர் தன்மை விளங்கும். 1978 முதல் தமிழ்நாடு சர்க்காரே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம்.

நிலமும் கடனும்

இனி, உதவித்தொகை கிடைக்காத குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கடன் வாங்குகின்றன. வங்கிகளின் கல்விக் கடன் திட்டப்படி ரூ. 7.5 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. அதற்கு மத்திய சர்க்காரின் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்கு மேற்பட்டால் ஸ்தாவர சொத்து முதலிய ஈடு கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பாயின் ரூ. 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு மொத்தச் செலவில் நூற்றுக்குப் பதினைந்தைக் குடும்பம் தன் கையிலிருந்து போட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்கு: ரூ. 20 லட்சம் கடன், வட்டி நூற்றுக்குப் பத்து, படிப்பு இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையும் முதலிலேயே வாங்கப்பட்டதாகக் கொண்டால், தவணை தொடங்கும் மூன்றாம் வருஷ முடிவில் வட்டி ரூ. 6 லட்சம் சேர்ந்து, கடன் ரூ. 26 லட்சமாக நிற்கும். அதைப் பன்னிரண்டு வருஷத்தில் தீர்க்க மாதம் சுமார் ரூ. 31,000 கட்ட வேண்டும். பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் இது பாரமன்று. கிடைக்காமல் திரும்பினால், ஐந்து ஏக்கர் தோட்டக்காலும் நான்கு கறவையும் உடைய ஒரு குடும்பம் இதை எந்த விளைச்சலிலிருந்து கட்டும்? முருங்கை விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு விழுகிற மாதத்திலும் தவணை தேதி தவறாது வரும்.

நிலம் உடையவர் பலர் அறியாத மற்றொரு விஷயம் உண்டு. வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற அதிகாரமளிக்கும் 2002ஆம் வருஷத்துச் சட்டம், அதன் 31வது பிரிவின்படி விவசாய நிலத்துக்குச் செல்லாது. இது குடியானவருக்குப் பாதுகாப்பாக வைக்கப்பட்டது. ஆனால் இதன் காரணமாகவே பல வங்கிகள் நஞ்சையையும் தோட்டக்காலையும் கல்விக் கடனுக்கு ஈடாக ஏற்கத் தயங்குகின்றன; நத்தத்து வீடு, நகரத்து மனை இருந்தால் கொண்டுவாருங்கள் என்கின்றன. பத்து ஏக்கர் வைத்திருப்பவர், டவுனில் ஒரு சிறு வீடு வைத்திருப்பவரைவிட வங்கியில் ஏழையாகி நிற்கிறார். பிறகு என்ன நடக்கிறது? கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தில் தேதி குறித்திருக்கிறது, வங்கி இழுத்தடிக்கிறது, தெரிந்தவர் மூலமாக மீட்டர் வட்டிக்கோ கந்து வட்டிக்கோ பணம் புரட்டப்படுகிறது, ஈடாகக் கிரயப் பத்திரமே எழுதிக் கொடுக்கப்படுகிறது. கந்து வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது மெய்யே. கிரயம் என்று பதிவான பத்திரத்தைக் கடன் என்று பின்னால் நிரூபிப்பதோ எளிதன்று. படிப்புக்காக எக்காரணம் கொண்டும் கிரயப் பத்திரம் எழுதலாகாது. விற்றே தீர வேண்டுமானால் விலை பேசி ஒரு பாகத்தை விற்பது அதைவிட நஷ்டம் குறைந்தது.

பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் நிலமும் எவ்வித ஈட்டுக்கும் உதவாது. பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை பாலிடெக்னிக் முதல் வருஷத்தில் இருக்கும்போதே இதைத் தொடங்கினால், அவன் வெளியே வரும்போது பத்திரம் தயாராக இருக்கும்.

அனுப்புகிறவரும் திரும்புகிறவரும்

யந்திரம் வைத்து லாபம் பெறுகிறவரே அதைக் கற்றுவரும் ஆளின் செலவையும் ஏற்பது நியாயம். பின்னலாலைகளும் காற்றாலைக் கம்பெனிகளும் அரிசி ஆலைகளும் தத்தம் தொழிலாளருள் தேர்ந்த ஒருவரை யந்திரம் செய்யும் நாட்டுக்கே சில மாதம் அனுப்பி, திரும்பிவந்து குறித்த காலம் வேலை செய்வதாக ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளலாம். பெவின் ஏற்பாட்டின் சாரம் அதுவே. அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், எத்தனை வருஷம் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்ற இரு வரிகளைத் தகப்பனார் வாசித்துப் பார்க்க வேண்டும். மற்றவற்றை வக்கீல் வாசிக்கட்டும்.

கிராம அதிகாரிகளுக்குரிய பங்கு சிறிதாகத் தோன்றினும் சிறிதன்று. கணக்குப்பிள்ளை, மணியகாரர் பதவிகள் 1980இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தபின்னும், வருமானச் சான்று அவர் விசாரணையிலிருந்தே தொடங்குகிறது. அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பின்னர் தாசில்தார். உபகாரச் சம்பள விண்ணப்பங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. ஒரு வாரம் மேஜையில் கிடந்த மனுவால் ஒரு வருஷம் போய்விடுவதுண்டு. நிலமற்ற விவசாயத் தொழிலாளி என்ற விவரம் கோருகிற மனு வந்தால், அது எதற்கென்று ஒரு கேள்வி கேட்டு, வெளிநாட்டுப் படிப்புக்கு என்றால் அதை மேலே வைப்பது அலுவலரால் ஆகக்கூடிய காரியம். வருமானத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதித் தருவது உதவியன்று. பின்னர் அது வெளிப்பட்டால் பணத்தைத் திரும்பக் கட்டும்படி நேர்வது பிள்ளைதான்.

கடைசியாகப் பெயர் விஷயம். பள்ளிச் சான்றில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் ஊர்ப் பெயர் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பனாரின் முழுப் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பதை இந்த நாட்டுக் குமாஸ்தா ஒருவாறு ஊகிப்பார். பெர்லினிலோ டோக்கியோவிலோ இருக்கிற குமாஸ்தாவுக்கு அவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்று வாங்கும்போதே எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்து, வேறுபாடு இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் அறிவித்துச் சரிசெய்துகொள்ளலாம். இதற்கு ஆகும் செலவு சொற்பம். விசா நாளுக்குமுன் செய்து முடிக்க ஆகும் காலமோ அவ்வளவு சொற்பமன்று.